பளபளப்புக்கு என்ன விலை? ஒரு பழைய ராணுவ ரிவால்வரின் கணக்கு

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். உலையில் உருகி, கட்டடக் கம்பியாக வெளியே போகும். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: கிலோ என்ன விலை? முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்ளி மார்க் 6 ரிவால்வரின் எடை ஏறக்குறைய 1.1 கிலோ. தராசில் வைத்தால் அதுவும் பழைய இரும்புதான். ஆனால் அதற்கு லட்சங்களில் விலை சொல்பவர்களும் உண்டு. இதில் எது நியாயம்?

நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஆயுதத்துக்கும் உறவு பழையது. 17ஆம் நூற்றாண்டிலேயே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து தயாரித்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஆவடி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத் தளம். 1960களில் அங்கேதான் விஜயந்தா டாங்கி உருவானது. ஆக, இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானது அல்ல.

முதலில் ரிவால்வரின் வரலாறு. பர்மிங்காமின் வெப்ளி நிறுவனத் தயாரிப்பைப் பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றது. 1915இல் வந்த மார்க் 6, 0.455 அங்குலத் தோட்டா போடுவது. பிறகு 1932 முதல் 0.38 அங்குல என்ஃபீல்டு வந்தது. இரண்டாம் உலகப்போரில் அவசரம் அவசரமாகச் செய்ததால் மெருகு போட நேரமில்லை. தன் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, "இது போர்க்கால மெருகு" என்று பொருள்படும் முத்திரையை வெப்ளி நிறுவனம் 0.38 ரிவால்வர்களில் குத்தியே அனுப்பியது! அப்படிப்பட்ட ஒரு ரிவால்வர் இன்று கண்ணாடி மாதிரி மின்னினால் என்ன அர்த்தம்? யாரோ பின்னால் தேய்த்திருக்கிறார்கள் என்றுதானே?

இங்கேதான் விலைக் கணக்கு தலைகீழாகிறது. பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மதிப்பு கூடும். பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு போட்டால் குறையும். காரணம் எளிது. பழைய நீலப்பூச்சை எடுக்க இரும்பைத் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது கூர்மையான விளிம்புகள் மழுங்கும். திருகு ஓட்டைகளின் ஓரம் குழியும். ஆண்டு, தொழிற்சாலை, ஆய்வு முத்திரைகள், வரிசை எண் எல்லாம் மங்கும். அந்த முத்திரைகள்தான் அதன் ஜாதகம். அவை போனால் அது எந்த ஆண்டில் பிறந்தது, எந்தப் படையில் இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

ஆனால் எல்லா மறுமெருகும் ஒன்றல்ல. ராணுவமே தன் பணிமனையில் பழுது பார்த்து, தேதியோடு முத்திரை குத்தி, கருப்பு பெயிண்ட் பூசித் திரும்ப அனுப்பியதும் உண்டு. அதுவும் வரலாற்றின் ஒரு பகுதிதான், அதைக் குறை என்று கழிக்கக் கூடாது. கடையில் விற்பனைக்காகப் பஃபிங் போட்டது வேறு. அமெரிக்காவில் பல வெப்ளிகளின் உருளையைச் சீவி, வேறு தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தத்தை அந்த ரிவால்வர் தாங்காது. அது அழகுக் குறை மட்டுமல்ல, கையில் வெடிக்கும் ஆபத்து.

இரண்டு உதாரணங்கள் பாருங்கள். ஓவியர் வான்கோ 1890இல் தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வர் ஒரு வயலில் கிடைத்தது. முழுக்கத் துரு, சுடவே முடியாது. 2019இல் பாரிஸ் ஏலத்தில் 1,62,500 யூரோவுக்குப் போனது. யாராவது அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் இந்த விலை வந்திருக்குமா? இன்னொன்று நம் நாட்டுக் கதை. பகத்சிங்கின் கோல்ட் கைத்துப்பாக்கி பல ஆண்டுகள் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. 2016இல் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது தெரிந்த வரிசை எண்தான் அது யாருடையது என்று சொன்னது. பெயிண்ட் என்பதால் தப்பித்தது. அரம் போட்டிருந்தால் போயே போச்சு!

சரி, நம் நாட்டு விலைக்கு வருவோம். இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி கிட்டத்தட்ட நின்றுபோனது. அதனால் வெளிநாட்டுப் பழைய துப்பாக்கிகளுக்குக் கிராக்கி ஏறியது. இங்கே சொல்லப்படும் பெரிய விலையில் பாதி வரலாற்றுக்கு அல்ல, தட்டுப்பாட்டுக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "ஆன்டிக் சார்!" என்று சொல்வதை நம்பக் கூடாது.

சட்டமும் கவனிக்க வேண்டியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆவது பிரிவில் பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான். "சும்மா ஷோவுக்கு" என்று வைத்திருப்பது சரிசெய்தால் சுடும் என்றால், உரிமம் கட்டாயம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள் ஆகலாம், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1915இல் செய்த வெப்ளி அந்த வயதைத் தாண்டிவிட்டது.

இதனால் பாதிக்கப்படுவது யார்? முன்னாள் ராணுவ வீரரின் குடும்பம். உரிமம் வைத்திருந்த தாத்தா இறந்துவிட்டால், வாரிசுகள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் தங்கள் பெயரில் உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பதற்றத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். "கொஞ்சம் பளபளப்பாக்கினால் நல்ல விலை வரும்" என்று நினைத்து, இருந்த மதிப்பையும் தேய்த்துவிடுகிறார்கள்.

ஆகவே என் கணக்கு இதுதான். அதே ரகம், பழைய மெருகு தேய்ந்த நிலையில் என்ன விலையோ அதை அடிப்படையாக வையுங்கள். முத்திரையும் எண்ணும் தெளிவாக இருந்து, பாகங்களின் எண்கள் பொருந்தினால் அந்த விலை நிற்கும். மெருகுக்கான செலவை ஒரு ரூபாய்கூடக் கூட்டாதீர்கள், முத்திரை மங்கிய அளவுக்குக் கழியுங்கள். யார் வைத்திருந்தார் என்று காட்டும் காகிதம் இருந்தால் கூட்டுங்கள். உரிமக் காகிதம் இல்லையென்றால் விலையே பேசாதீர்கள்.

துரு பிடித்த இரும்புக்குக்கூட ஒரு நினைவு உண்டு நண்பர்களே. வீட்டில் தாத்தாவின் பொருள் எதுவாக இருந்தாலும், துணியால் துடையுங்கள், எண்ணெய் போடுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம்!