கடல் கடந்த மைனா

வில்லியனூர்ப் பக்கமோ பாகூர்ப் பக்கமோ செல்லும்போது, உழவு நடக்கும் வயல்களைச் சற்றுக் கவனியுங்கள். புரண்ட மண்ணில் புழு பூச்சிகளைப் பொறுக்கியபடி, மஞ்சள் அலகும் மஞ்சள் காலும் கொண்ட பழுப்பு நிறப் பறவைகள் நடந்து வரும். நாம் நன்கு அறிந்த மைனாதான் அது. நாகணவாய் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். உழவருக்கு உதவும் இப்பறவை, கடலுக்கு அப்பால் ஒரு தீவில் பிற பறவைகளுக்குப் பகையான வரலாற்றை நீங்கள் அறிவீர்களா?

பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் கொடி நாட்டியிருந்த பிரெஞ்சுக் கம்பெனியின் கையில்தான் மொரீசியஸ் தீவும் இருந்தது. அங்கே செந்நிற வெட்டுக்கிளிகள் பயிர்களைத் தின்று அழித்தன. வெட்டுக்கிளி என்றால் மைனாவுக்கு விருந்து. எனவே 1762இல் மோதாவ் பிரபு என்பவர் இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டுபோய் அங்கே விட்டார். 1770க்குள் வெட்டுக்கிளித் தொல்லை அடங்கியது. அயல்நாட்டு உயிரினத்தைக் கொண்டு பூச்சியை அடக்கும் முறைக்கு இதை ஒரு முன்னோடி வெற்றியாகப் பூச்சியியல் நூல்கள் கூறுகின்றன.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மைனா பொந்துகளில் கூடு கட்டும். பிற பறவைகளை விரட்டிவிட்டு அவற்றின் பொந்தைப் பறித்துக்கொள்ளவும் அது தயங்காது. மொரீசியஸுக்கே உரிய ஒரு பச்சைக்கிளிக்கும் மரப்பொந்துதான் வீடு. காடுகள் அழிந்து முதிய மரங்கள் அருகின; எஞ்சிய பொந்துகளுக்கும் மைனா போட்டியிட்டது. 1980களில் அக்கிளிகள் ஏறக்குறைய ஒரு டஜன் அளவுக்குக் குறைந்துவிட்டன! பின்னர் அறிவியலார் கூடுகளைக் காத்தும், மரப்பெட்டிகள் அமைத்தும், குஞ்சுகளை வளர்த்து விட்டும் அவற்றை நூற்றுக்கணக்கில் பெருக்கினர். 2000ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் மைனாவும் இடம்பெற்றது.

அப்படியானால் நம் ஊரில் மட்டும் அது எப்படி அடங்கியிருக்கிறது? இங்கே காகம் அதன் முட்டையைக் கவரும். வல்லூறு மைனாவையே பிடிக்கும். பச்சைக்கிளியும் பனங்காடையும் பொந்துக்காக அதனுடன் மல்லுக்கு நிற்கும். நெடுங்காலம் கூடி வாழ்ந்ததால் ஏற்பட்ட சமநிலை இது. அத்தீவின் பறவைகளுக்கோ அப்பழக்கம் இல்லை.

இச்சமநிலைக்கும் போதிய பொந்துகள் வேண்டும். நம் வயலோரத்து மொட்டைப் பனைகள் மைனாவுக்கும் கிளிக்கும் பனங்காடைக்கும் இடம் தருகின்றன. அவற்றை வெட்டிச் சாய்த்தால் இங்கும் பூசல் மிகும். வலிமை குன்றிய பறவையே வீடிழக்கும். பட்டுப்போன பனைதானே என்று கோடரியை எடுக்குமுன், அதன் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.