பேகம்பேட்டையும் ஒரு கொசுவின் வயிறும்

ஹைதராபாத் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சார்மினார், கோல்கொண்டா, பிரியாணி என்று பட்டியல் வரும். பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரொனால்ட் ராஸ் பெயரில் நிற்கும் பழைய கட்டடத்தை யாரும் சொல்வதில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் உடம்புக்குள் வளர்கிறது என்று 1897 ஆகஸ்டில் முதலில் தெரிந்தது அங்கேதான்.

ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்த கதை நாமெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பள்ளியில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. எத்தனையோ கொசுக்களில் ஏன் அந்த ஒரு வகைக்குள் மட்டும் கிருமி வளர்ந்தது? ராஸ் உருவத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த வேதியியல் புரிய ஏறக்குறைய நூறு வருடம் ஆனது.

முதலில் கதை. ராஸ் 1857-ல் அல்மோராவில் பிறந்தவர். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். 1894-ல் லண்டன் போனபோது பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் மலேரியாக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் காட்டி, இது கொசுவுக்குள் வளரலாம் என்ற யோசனையையும் சொல்லி அனுப்பினார். 1895-ல் செகந்திராபாத் வந்ததிலிருந்து ராஸுக்குக் கொசு அறுப்பதுதான் பொழுது. நடுவில் காலரா வேலைக்காகப் பெங்களூர் போனார். ஊட்டிப் பக்கம் சிகூர் மலைப்பாதைக்குப் போனதில் அவருக்கே மலேரியா வந்தது. அறுத்ததெல்லாம் சாம்பல் நிறக் கொசுவும் வரிக்கொசுவும். இன்றைய பெயரில் கியூலெக்ஸ், ஏடிஸ். ஒன்றும் அகப்படவில்லை.

1897 ஆகஸ்டில், கொசு பிடிக்க வைத்திருந்த ஆட்களில் ஒருவர் ஒரு பாட்டிலில் புழுக்கள் கொண்டுவந்தார். அவற்றிலிருந்து இறக்கையில் புள்ளி போட்ட பழுப்புக் கொசுக்கள் வந்தன. ஆகஸ்ட் 16 அன்று ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கடிக்க விட்டார்கள். கூலி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா. மைக்ராஸ்கோப்பின் திருகுகள் ராஸின் வியர்வையில் துருப்பிடித்திருந்தன. பங்கா போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று புழுக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். ஆகஸ்ட் 20 அன்று கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான செல்கள், உள்ளே கருந்துகள்கள். அதே கருந்துகள்களை நோயாளிகளின் ரத்தத்தில் அவர் பலமுறை பார்த்திருந்தார். மறுநாள் இன்னொரு கொசுவில் அதே செல்கள் இன்னும் பெரிதாக இருந்தன. வளர்கிறது என்றால் அது உயிருள்ள பொருள்! அந்தப் புள்ளி இறக்கைக் கொசுதான் அனாபிலிஸ்.

இனி, அந்த வயிற்றுக்குள் நடந்ததைப் பார்ப்போம்.

கொசுவுக்கு நம்மைப் போல ரத்தக்குழாய் வலை கிடையாது. முதுகுப் பக்கம் ஒரு குழாய் துடிக்கும். உடலறை முழுக்க ஒரு திரவம் நிரம்பியிருக்கும். இரைப்பை முதல் உமிழ்நீர்ச் சுரப்பி வரை எல்லாம் அதில்தான் நனைந்து கிடக்கும். ஹீமோலிம்ப் என்பார்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு உள்ள ஹீமோகுளோபின், அதனால் சிவப்பு. நண்டுக்குச் செம்பு உள்ள ஹீமோசயனின், ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம். கொசுவுக்கோ காற்று நுண்குழாய்கள் வழியாக நேராகத் திசுக்களுக்கே போய்விடுவதால் அதன் திரவத்துக்கு இந்த வேலையே இல்லை, நிறமும் இல்லை. நம் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை குளுக்கோஸ், பூச்சிகளுக்குப் பெரும்பாலும் டிரெஹலோஸ். ஆக, நம் உடம்பிலிருந்து கொசுவுக்குள் போகும் கிருமிக்கு அது வெளிநாடு. வெப்பம் வேறு, சாப்பாடு வேறு. அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாதா என்ன :-)

புது ஊருக்கு வந்துவிட்டோம் என்று கிருமிக்கு எப்படித் தெரியும்? வெப்பம் குறைவது ஓர் அடையாளம். கொசுவின் உடம்பிலுள்ள சாந்தூரினிக் அமிலம் இன்னொன்று. இதைக் கண்டுபிடித்தது 1998-ல். இவை கிடைத்ததும் சில நிமிடங்களில் கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும்.

அடுத்து வருவது கைட்டின். இறால் உரிக்கும்போது கையோடு வரும் ஓடு இருக்கிறதே, அதில் உள்ள பொருள்தான். 1811-ல் பிரான்சில் பிராகோனோ இதைக் காளானில் கண்டார். 1823-ல் ஓடியே வண்டின் ஓட்டில் கண்டு இந்தப் பெயரை வைத்தார். சர்க்கரையிலிருந்து பிறந்த மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்தது, தாவரங்களின் செல்லுலோசுக்குப் பங்காளி. கொசுவின் வெளித்தோலில் மட்டும் அல்ல, வயிற்றிலும் இது உண்டு. ரத்தம் குடித்த சில மணி நேரத்தில், குடித்த ரத்தத்தைச் சுற்றிக் கைட்டினும் புரதமும் சேர்ந்த மெல்லிய பை ஒன்று உருவாகும். கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். ஆனால் அதனிடம் கைட்டினைக் கரைக்கும் கைட்டினேஸ் என்ற நொதி இருக்கிறது. பையைத் துளைக்க அதுதான் உதவுகிறது என்று 1991-ல் தெரிந்தது. பையைத் தாண்டி, இரைப்பைச் சுவரையும் கடந்து, வெளிப்பக்கம் உடல்திரவத்தில் நனைந்தபடி ஒட்டிக்கொண்டு வளரும். ராஸ் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான்.

அங்கேயும் நிம்மதி கிடையாது. சில கொசுக்களின் உடல்திரவம் வந்தவனைச் சுற்றி மெலனின் பூசி உயிரோடு சமாதி கட்டிவிடும். அனாபிலிஸிலேயே இப்படிச் செய்யும் ஒரு வம்சத்தை 1986-ல் விவரித்தார்கள். பூச்சித் தோல் கறுத்து இறுகுவதும் இதோடு நெருங்கிய வேதியியல்தான். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. கிருஷ்ணன் 1950-களில் தேளின் தோலை வைத்து இந்தத் துறையில் உழைத்தவர். அவரையும் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

கிருமி பிழைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆயிரக்கணக்கில் பெருகி, உடல்திரவத்தில் மிதந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். ராஸ் இதைப் பார்த்தது 1898 ஜூலையில், கல்கத்தாவில், பறவை மலேரியாவில். பறவைக் கிருமிக்கு அவர் முன்பு அறுத்துத் தோற்ற சாம்பல் கொசுவே போதுமாக இருந்தது! மனித மலேரியாவில் முழுச் சுற்றையும் அதே ஆண்டு காட்டியவர்கள் இத்தாலியின் கிராசி குழுவினர். நோபல் 1902-ல் ராஸுக்கு மட்டும் போனது, சண்டை வெகுகாலம் நடந்தது.

ராஸுக்கு வழிகாட்டிய கருந்துகள் என்ன தெரியுமா? கிருமி நம் ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் ஹீம் அதற்கே விஷம். அதைப் படிகமாக்கி ஓரம் கட்டுகிறது. அந்தப் படிகமாக்கலைத் தடுத்துத்தான் குளோரோகுவின் கிருமியைக் கொன்றது. பிறகு பல ஊர்களில் கிருமி அந்த மாத்திரைக்குத் தப்பக் கற்றுக்கொண்டது.

இதெல்லாம் இப்போது எதற்கு? விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, "நாங்க அங்கேயே பொறந்து வளர்ந்தவங்க, எங்களுக்கு என்ன ஆகும்" என்று மாத்திரை வேண்டாம் என்பவர்கள் நம்மில் அதிகம். மலேரியா எதிர்ப்பு ஊரைவிட்டு வந்தால் தேய்ந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது சுத்தமாக இல்லை. சென்னை மாதிரி நகரங்களில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்வது அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி. கிளம்பும் முன் டாக்டரிடம் போகும் ஊரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்து காய்ச்சல் வந்தால், மாதங்கள் கழித்து வந்தாலும், இந்தியா போய் வந்தோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். விவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் தூங்கி எழும்.

பி.கு: ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். அன்றைக்கு ராஸை நினைப்பவர்கள், அணாவுக்குக் கையை நீட்டிய ஹுசேன் கானையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.