கப்சாய்க்கு டயர் மாத்தப் போறீங்களா? முதல்ல ஓரத்தில் உள்ள எண்ணைப் பாருங்க

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேல் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். மழை நேரத்தில் அலோர் ஸ்டாரிலிருந்து மெர்கோங் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போது உங்களைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பது உள்ளங்கை அளவு ரப்பர்தான். அறுவடைக் காலத்தில் வயல் சேறும் சாலைக்கு வந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் 70/90-17 என்று இருந்தால், அகலம் 70 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு. ரிம் 17 இன்ச். அடுத்து வரும் ‘40பி’ மாதிரி குறியீட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. 40 என்றால் அந்த டயர் 140 கிலோ தாங்கும், 33 என்றால் 115 கிலோதான். ‘பி’ என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேக வரம்பு.

ஸ்டைலுக்காக மெல்லிய டயர் போடுறவங்க இழப்பது இந்தத் தாங்கும் திறனைத்தான். பின்னால் நண்பர் ஏறினால் சுமை அதிகம் விழுவது பின் டயரில். பைக் கையேட்டில் உள்ள அளவையும் குறியீட்டையும் விடக் குறைவாகப் போடாதீர்கள்.

தயாரிப்புத் தேதியும் அங்கேயே இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மலிவா கிடைக்குதேன்னு பல வருடம் கடையில் கிடந்ததை வாங்காதீங்க, ரப்பர் இறுகியிருக்கும்.

கம்பி ரிம் என்றால் பெரும்பாலும் டியூப் வேண்டும். டயரோடு டியூப்பையும் மாத்திடுங்க, பழையதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கடையை விட்டுக் கிளம்பும் முன் அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். புது டயர் வழுக்கும். முதல் 100 கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்காதீங்க.