கரித்துணியும் கினேத் துணியும்

சோற்றுப் பானை இறக்க எங்கள் வீட்டில் கரித்துணிதான். கிழிந்த வேட்டியை நாலாக மடித்தால் ஆயிற்று. அதையே கைக்கு உறையாகத் தைக்கலாம் என்று எங்களுக்குத் தெரிய வந்தது 1958 வாக்கில். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா வெள்ளைக்காரர் தெருவில் ஒரு மதாம் வீட்டுக்குத் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ரொட்டி, கேக் சுட ‘ஃபூர்’ உண்டு. சூட்டுத் தட்டை வெளியே இழுக்க ஒரு தடித்த கையுறை வைத்திருந்தார்கள். பெயர் ‘மனிக்’. செருப்புத் தைப்பவர்கள் நூல் இழுக்கும்போது கையில் மாட்டும் தோல் உறைக்கும் அதே பெயர்தான் என்பதைப் பிற்பாடு பள்ளி அகராதியில் பார்த்துக்கொண்டேன். மதாமின் மனிக் கருகிப்போனது. புதிதாக ஒரு ஜோடி தைத்துத் தரும்படி அம்மாவிடம் கேட்டார்.

அம்மா வீட்டில் பழைய பேப்பரை விரித்து, தன் கையை வைத்து, சுற்றிலும் இரண்டு விரல்கடை விட்டுக் கோடு போட்டார். கட்டைவிரல் தனியே விரிந்து நிற்க வேண்டும். மேலுக்கு அழுத்தமான பருத்தித் துணி வேண்டுமே? ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா ஆலையிலிருந்து வாங்கி வந்த காடாத் துண்டுகள் இருந்தன. அம்மா அதில் கை வைத்ததும் ஆயா எழுந்து வந்துவிட்டார்.

“ஏம்மா, இந்தத் துணிக்காக ஆளுங்க செத்திருக்காங்க. அத வெள்ளைக்காரி அடுப்புக்கா வெட்டப் போற?”

ஆயா சொன்னது 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை, கூலி உயர்வு கேட்டு நம் ஊர் ஆலைத் தொழிலாளர்கள் நின்றார்கள். பிரெஞ்சு அரசின் துருப்புகள் சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தாத்தா அன்றைக்கு உள்ளே இருந்தவர். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு வந்தாராம். வ. சுப்பையா போன்றவர்கள் விடாமல் நின்றதன் பலனாக அடுத்த வருஷமே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. அதுவரை தாத்தா வீடு திரும்புவது விளக்கு வைத்த பிறகுதான்.

நம் ஊர்த் துணிக்கு அதைவிடப் பழைய கதையும் இருக்கிறது. ‘கினே’ என்று ஒரு துணி. பருத்தியில் நெய்து, அவுரிச் சாயத்தில் முக்கி முக்கி எடுத்த கருநீலம். புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சு வழியாக ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போகும். அங்கே பாலைவனத்து மூர்களிடம் அதைக் கொடுத்துக் கருவேலப் பிசின் வாங்குவார்கள். அந்தப் பிசின் இல்லாமல் ஐரோப்பாவில் துணி அச்சடிக்க முடியாத காலம் அது. ஆற்றங்கரையில் கினேத் துணியே பணம். இத்தனை பிசினுக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு. சாயம் உடம்பில் ஒட்ட ஒட்ட அந்த மக்களுக்குப் பிடிக்குமாம். சாயம் ஒட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நாம்!

இந்த வியாபாரத்தை நம்பித்தான் 1820களின் இறுதியில் நம் ஊரில் ஆலை வந்தது. சவானா ஆலை என்பார்கள், பின்னாளில் சுதேசி. 1892ல் கெப்ளே ஆலை, அதுதான் பாரதி. 1898ல் ரோடியர் ஆலை, அதுதான் ஏ.எஃப்.டி. வெளிநாட்டுக்குப் போன துணி போக, ஓரம் கோணியது, நூல் விட்டது எல்லாம் துண்டு துண்டாக நம் வீடுகளுக்கு வந்தன. பாவாடை, தலையணை உறை, தூளி, கடைசியில் கரித்துணி.

சண்டைக்கு வருகிறேன். திண்ணையில் படுத்திருந்த தாத்தா எழுந்திருக்காமலே சொன்னார்: “தைக்கட்டும். ஆனா கூலி வாங்கிகிட்டுத் தைக்கட்டும்.”

அதுவரை மதாம் வீட்டுச் சில்லறை வேலைகளுக்கு அம்மா தனியாகக் காசு கேட்டதில்லை. அன்று விளக்கடியில் உட்கார்ந்து தைத்தார். மேலும் கீழும் காடா, நடுவில் பழைய கம்பளி, மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஓட்டுத் தையல். ஓரம் அடித்து, கட்டைவிரல் இடுக்கில் தையல்வரை கத்தரித்து, உள்ளை வெளியே புரட்டினார். அந்த இடத்தில் கத்தரிக்க மறந்தால் துணி சுருண்டு நிற்கும், விரல் நுழையாது. முடித்ததும் தாத்தா கேட்டது ஒன்றே ஒன்று: “எத்தனை மணி நேரம் ஆச்சு?”

மதாம் இரண்டு ரூபாய் கொடுத்தார். அம்மா அதை ஆயா கையில் கொடுக்க, ஆயா ஒன்றும் பேசாமல் வாங்கி முடிந்துகொண்டார். மீந்த துண்டில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று தைக்கச் சொன்னது ஆயாதான்.

மூன்று ஆலைகளும் 2020ல் மூடியாயிற்று. இப்போது நான் டெய்லர் கடைக் கட்பீஸில் தைத்துப் பார்க்கிறேன். தைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்: பாலியெஸ்டர் கலந்த துண்டை ஒதுக்கிவிடுங்கள், சூட்டில் உருகிக் கையோடு ஒட்டும். ஈரக் கையுறையால் சூட்டுப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், ஆவி நொடியில் தோலைப் பொசுக்கிவிடும். எனக்குப் பொசுங்கியிருக்கிறது.

ஆயா கேட்டு வாங்கிய அந்த ஒற்றைக் கையுறை இன்னும் இருக்கிறது. கட்டைவிரல் நுனி தேய்ந்து கம்பளி தெரிகிறது. ஒட்டுப் போட அதே அழுத்தத்தில் காடா வேண்டும். நேரு வீதியில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், எல்லாம் மெல்லிசாகத்தான் கிடைக்கிறது.