கிளைபிரியும் கட்டளைகள்: 'சுவிச்' கூற்றின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணினிக்கு இடப்படும் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுவதே பொதுவிதி. ஆயினும், ஒரு பெறுமானத்தைப் பொறுத்துப் பல வழிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் தேவை தொடக்கத்திலேயே எழுந்தது. 1957 இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி, பாய்ந்து செல்லுங் கட்டளையோடு இலக்கமிட்ட இடங்களின் பட்டியலொன்றை இணைத்து அத்தேவையை நிறைவுசெய்தது. அல்கோல் 60 மொழி அத்தகைய பட்டியலுக்கு ஆளி எனப் பொருள்படும் 'சுவிச்' என்னும் பெயரைச் சூட்டியது.

இதன்பின் இரு மரபுகள் தோன்றின. வீர்த்தும் ஹோரும் 1966 இல் முன்மொழிந்த மொழியிலே, ஒவ்வொரு கிளையும் தனித்தனி அறை போன்றது. தெரிவான அறையின் பணி முடிந்ததும் முழு அமைப்பினின்றும் வெளியேறல் இயல்பாக நிகழும். பாஸ்கல் இம்மரபைப் பேணியது. மற்றையது, மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967 இல் வகுத்த பீ.சீ.பீ.எல். மொழி வழியாகவும், கென் தொம்சனின் 'பீ' மொழி வழியாகவும், 1972 அளவில் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சி உருவாக்கிய 'சீ' மொழியை அடைந்தது. இங்கே 'கேஸ்' என்பது அறையன்று. வழியில் நாட்டிய மைற்கல் மட்டுமே. 'பிரேக்' என்னுஞ் சொல் தடுத்தாலன்றி, கட்டளையோட்டம் அடுத்த கிளைக்குள்ளும் புகும்.

இதனாற் பல பெறுமானங்கள் ஒரே செயலைப் பகிர்ந்துகொள்ளல் எளிதாயிற்று. 1983 இல் தொம் டவ் இவ்வியல்பைக் கொண்டே தரவுப் பிரதியெடுப்பை விரைவாக்கினார். எனினும், தமது உத்தி இவ்வியல்புக்குச் சார்பான வாதமா, எதிரான வாதமா என்பது தமக்கே தெளிவில்லை என அவர் கூறியமை குறிப்பிடத்தக்கது.

'பிரேக்' சொல்லை நம்பியிருத்தலின் விலை 1990 ஜனவரி 15 ஆந் திகதி புலப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்தின் நிரலொன்றில், 'சுவிச்' கூற்றினுள் அமைந்த 'இஃப்' பகுதியில் ஒரு 'பிரேக்' இடம்பெற்றிருந்தது. 'பிரேக்' என்பது 'இஃப்' பகுதியை மட்டும் முடிப்பதன்று. 'சுவிச்' முழுவதினின்றும் வெளியேற்றுவது. இடையிலிருந்த கட்டளைகள் விடுபட்டன; 114 தொலைபேசி இணைப்பகங்களைக் கொண்ட வலையமைப்பு ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் சீர்குலைந்தது.

2009 இல் அறிமுகமான 'கோ' மொழி பழைய விதியைத் தலைகீழாக்கியது: கிளை தானாகவே முடியும், தொடர விரும்புவோரே அதனைச் சொல்லவேண்டும். 2017 இன் 'சீ பிளஸ் பிளஸ்' நியமமும் பின்னர் 'சீ' மொழியின் நியமமும், வேண்டுமென்றே தொடர்வதை வெளிப்படையாக அறிவிக்கும் குறியீட்டை ஏற்றன. பெருவழக்கானதைச் சொல்லாமலே நிகழவிட்டு, அரிதானதைச் சொல்லிச் செய்வதே நன்று என்னும் இம்முடிவை எட்ட அரை நூற்றாண்டு கழிந்தமை மனங்கொள்ளத்தக்கது.