முரசு மீண்ட நகரம்

1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள். நியூயார்க் மாநகரின் ஐந்தாம் அவென்யூ வழியே ஓர் ஊர்வலம் சென்றது. ஏறத்தாழப் பத்தாயிரம் கறுப்பின மக்கள் அதில் நடந்தனர். வெள்ளாடை உடுத்திய குழந்தைகளும் பெண்களும் முன்னே செல்ல, கறுப்பு உடை அணிந்த ஆடவர் பின்னே தொடர்ந்தனர். முழக்கம் இல்லை, பாட்டு இல்லை, பேச்சும் இல்லை. ஓசை அடக்கிக் கட்டிய முரசுகளின் மெல்லிய அதிர்வு ஒன்றே கேட்டது.

அந்த மௌனத்திற்குக் காரணமான ஊரின் பெயர் கிழக்கு செயின்ட் லூயிஸ். இல்லினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த தொழில் நகரம் அது. இறைச்சிப் பதனீட்டு ஆலைகளிலும் அலுமினியத் தொழிற்சாலையிலும் வேலை கிடைக்கும் என்று நம்பித் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பின ஏழைகள் அங்கே குடியேறினர். வெள்ளைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறிக்க ஆலை முதலாளிகள் இவர்களைப் பயன்படுத்திக் கொண்டனர். மூண்ட பகை 1917 ஜூலை 2ஆம் நாள் படுகொலையாக வெடித்தது. குடியிருப்புகள் தீக்கிரையாயின. ஆயிரக்கணக்கானோர் உடுத்த துணியுடன் ஆற்றைக் கடந்து ஓடினர். மாண்ட கறுப்பினத்தவர் 39 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. நூறுக்கும் மேல் என்று கருதும் வரலாற்றாசிரியர் பலர் உளர்.

சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1967ல், அதே நகரத்தில் ஒரு கலைப்பள்ளி தோன்றியது. உறையிட்டு அடக்கிய முரசு அங்கே உறை களைந்து ஒலித்தது. அதை ஒலிக்கச் செய்தவர் கேத்தரின் டன்ஹம் அம்மையார். ஆட்டம் என்றதும் பொழுதுபோக்குக் கேளிக்கை ஒன்றையே நினைப்பவர்கள் நம்மில் பலர். இந்த அம்மையாரின் வரலாறு அந்த எண்ணத்தைச் சற்றே மாற்றக் கூடும். ஏடு மறுக்கப்பட்ட ஒரு சமுதாயம் தன் வரலாற்றை எங்கே எழுதி வைத்தது என்ற கேள்விக்கும் இதில் விடை உண்டு.

முரசுக்கும் அந்த மக்களுக்கும் உள்ள உறவு துயரம் தோய்ந்தது. 1739ல் தென் கரோலினாவில், ஸ்டோனோ என்னும் ஆற்றின் அருகே, அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசறைந்து தோழர்களைத் திரட்டிய அவர்களின் எழுச்சி விரைவில் நசுக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் கையாளுவதைத் தடை செய்தது; அவர்களுக்கு எழுதக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது. எழுத்தையும் முரசையும் ஒரே சட்டம் தடுத்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆள்வோர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின போலும்!

தோற்கருவியைப் பறிகொடுத்த மக்கள் தம் உடலையே கருவியாக்கிக் கொண்டனர். தொடையிலும் மார்பிலும் கைகளால் தட்டித் தாளம் எழுப்பினர். கடற்கரைத் தீவுகளில் வாழ்ந்தோர் வழிபாட்டின்போது வட்டமாய், இடப்புறம் சுழன்று, பாதம் தரையை விட்டு எழாமல் இழைந்து நடந்தனர். காலைக் குறுக்கே வைத்தால் அது ஆட்டமாகிவிடும். ஆட்டமோ பாவம் எனத் திருச்சபை கூறியது. எனவே காலை மாற்றாமல் வட்டமிட்டனர். இந்த வழக்கத்திற்கு 'ரிங் ஷவுட்' என்பது பெயர். 'ஷவுட்' எனில் ஆங்கிலத்தில் கூவுதல். ஆயின் லாரன்சோ டௌ டர்னர் என்னும் கறுப்பின மொழியறிஞர், இது கஃபத்துல்லாஹ்வை வலம்வரும் தவாஃபின் ஒரு சுற்றைக் குறிக்கும் 'ஷவ்த்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகலாம் எனக் கருதினார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டோரில் முஸ்லிம்களும் இருந்தனர் என்பது மறுக்க முடியாத உண்மை. சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பேர் மறந்து, மொழி மறந்து, ஊர் மறந்த பின்னரும் கால்கள் சிலவற்றை மறக்கவில்லை என்பதில் ஐயமில்லை.

அந்தக் கால்களின் நினைவைத் தேடிப் புறப்பட்டவர்தாம் கேத்தரின் டன்ஹம். 1909 ஜூன் 22ஆம் நாள் சிகாகோ வட்டாரத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் துணி வெளுக்கும் கடை நடத்தி வந்தார். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்ற அவர், மற்றொரு புறம் நடனமும் கற்றார். ரோசன்வால்டு அறநிதியின் உதவி பெற்று 1935ல் கரீபியத் தீவுகளுக்குச் சென்றார். ஜமைக்காவின் மலைநாட்டில் அக்காம்பாங் என்றோர் ஊர் உண்டு. அடிமைத்தளையை அறுத்து மலையேறிய மறவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. அங்கே தங்கி முதியோரின் ஆட்ட முறைகளைக் கண்டறிந்தார். பின்னர் மார்த்தினீக், டிரினிடாட், ஹெய்ட்டி ஆகிய இடங்களிலும் ஆய்ந்தார். பார்த்து எழுதியதோடு நில்லாமல், ஆடியும் கற்றார். ஆப்பிரிக்க, கரீபிய அசைவுகளையும் ஐரோப்பிய நடனப் பயிற்சியையும் இணைத்து அவர் வகுத்த முறை 'டன்ஹம் முறை' என வழங்கலாயிற்று.

தம் குழுவினருடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அவர் ஆடினார். புகழ் வந்தது, அவமதிப்பும் உடன் வந்தது. 1944ல் லூயிவில் நகர அரங்கில் தம் இனத்தார் வெள்ளையரோடு சரிசமமாக அமர்வதற்கு இடமில்லை என்று கண்ட அம்மையார், நிகழ்ச்சி முடிந்ததும் மேடையில் நின்றே, இந்நிலை மாறும் வரை இனி இங்கே வாரேன் என்று அறிவித்தார். 1950ல் பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரத்து விடுதியொன்று அவருக்கு அறை தர மறுத்தது. அவர் வாளாவிருக்கவில்லை. நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக, நிறவேற்றுமை பாராட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டம் 1951ல் அந்நாட்டில் பிறந்தது.

இத்துணைப் பெயர் பெற்றவர், அறுபதை நெருங்கும் வயதில், எந்த ஊரில் வேண்டுமானாலும் இளைப்பாறியிருக்கலாம். அவர் தேர்ந்ததோ கிழக்கு செயின்ட் லூயிஸ். அப்பொழுது ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டிருந்தன. வேலையற்ற இளைஞர் தெருச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து கிடந்தனர். அந்த இளைஞருள் ஒருவனைக் காவலர் கைது செய்தபோது காரணம் கேட்டு வாதாடிய அம்மையாரையும் சிறையில் அடைத்தனர். அவர் அஞ்சி ஊரை விட்டு ஓடவில்லை. வெளியே வந்து பள்ளி நடத்தினார்.

தென் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் 1967ல் தோன்றிய அப்பள்ளிக்கு 'நிகழ்த்துகலைப் பயிற்சி மையம்' என்று பெயர். முரட்டு இளைஞரை 'நடனம் கற்க வாருங்கள்' என்று அழைத்தால் வருவார்களா? அம்மையார் முதலில் முரசைக் காட்டினார், கராத்தேயைக் காட்டினார். அவற்றை நாடி வந்தவர்கள் மெல்ல மெல்ல நடனத்தையும் நாடகத்தையும் ஆப்பிரிக்க வரலாற்றையும் கற்றனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையராய் வாழும் செனகல் நாட்டில் 1966ல் நடைபெற்ற உலகக் கறுப்பினக் கலை விழாவின்போது தக்கார் நகரில் தங்கியிருந்தவர் அம்மையார். அந்நாட்டின் முரசுக் கலைஞர் மோர் தியாம் அவர் அழைப்பை ஏற்று வந்து, இச்சிறுவர்களுக்கு ஆசானானார். ஒரு காலத்தில் சட்டம் போட்டுத் தடுத்த முரசை, அது பிறந்த மண்ணின் மைந்தனே நேரில் வந்து கற்பித்தான் எனின், அதைவிடப் பெரிய பேறு அப்பிள்ளைகளுக்கு வேறு என்ன வேண்டும்!

முரசடிப்பவன் பக்கத்தில் நிற்பவனின் கையைக் கவனித்தாக வேண்டும். வட்டத்தில் ஆடுபவன் முன்னே செல்பவனின் அடியை அறிந்தாக வேண்டும். தனித்தனியே பகைத்துத் திரிந்தவர்கள் ஒரு தாளத்திற்குள் நிற்கக் கற்றார்கள். கூடவே, தம் பாட்டனாரின் அசைவுக்கு ஒரு பெயரும் ஊரும் வரலாறும் உண்டு என்பதையும் அறிந்தார்கள். 'உனக்கென்று எதுவுமில்லை' என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு இந்த அறிவு சிறிதன்று. 1970ல் தலைநகர் வாஷிங்டனில் குழந்தைகள் நலன் பற்றி வெள்ளை மாளிகை கூட்டிய மாநாட்டில், இம்மையத்தின் 43 சிறுவர் சிறுமியர் ஆடினர். 1917ல் வெள்ளாடை உடுத்தி வாய்மூடி நடந்த குழந்தைகளையும் இவர்களையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்ப்பவர்க்கு நெஞ்சு நெகிழாமல் இராது.

கலை ஒன்றே ஊரின் வறுமையைத் தீர்த்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். மூடிய ஆலைகளை முரசொலி திறந்துவிடவில்லை. 1950ல் 82 ஆயிரத்திற்கு மேல் மக்கள் வாழ்ந்த அந்நகரில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எஞ்சியோர் சுமார் 18 ஆயிரம் பேரே. மையமும் பணமுடையால் பலகாலும் தள்ளாடியது. ஆயினும் அம்மையார் ஊரைக் கைவிடவில்லை. உலகெங்கும் திரட்டிய இசைக்கருவிகளையும் கலைப்பொருள்களையும் அவ்வூரிலேயே அருங்காட்சியகமாக்கி 1977ல் மக்களுக்குத் திறந்து வைத்தார்.

1992ல் அவருக்கு வயது 82. ஹெய்ட்டி நாட்டில் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கு அஞ்சிப் படகேறி வந்த அகதிகளை அமெரிக்க அரசு திருப்பி அனுப்பியது. தமக்கு ஆடக் கற்பித்த மக்களுக்கு நேர்ந்த அநீதி இது என்று கருதிய அம்மையார், கிழக்கு செயின்ட் லூயிஸ் இல்லத்தில் உண்ணாநோன்பு தொடங்கி 47 நாள் நீடித்தார். கற்ற கலைக்கு அவர் செலுத்திய குருதட்சிணை என்றே அதைச் சொல்லலாம்.

2006 மே 21ஆம் நாள் நியூயார்க்கில் அவர் காலமானார். அவர் வகுத்த முறையைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றனர்.

சட்டம் ஏட்டைப் பறித்தது, முரசைப் பறித்தது. பாட்டி பேரனுக்குக் காட்டிய கைத்தட்டை மட்டும் பறிக்க இயலவில்லை. அந்தக் கைத்தட்டைக் கேட்டு எழுதிவைத்து, வறிய ஊரொன்றின் பிள்ளைகளிடம் திரும்ப ஒப்படைத்ததே கேத்தரின் டன்ஹம் செய்த பணி. நம் வீட்டு முதியோர் நெஞ்சிலும் எழுதப்படாத ஏடுகள் எத்தனையோ உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைப்போமாக.