கைக்குச் சேதி சொல்லும் கார்

மாலை வேளைகளில் வைத்திக்குப்பம் கடற்கரையில் உலாவுவது என் நெடுநாள் வழக்கம். மாசி மகத்தன்று ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் மணல் அது. மற்ற நாட்களில் மனிதர்களுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அன்று கூட வந்த அண்டை வீட்டுப் பையன் ஸ்போர்ட்ஸ் கார்களின் பிரதாபங்களை ஒப்பித்துக்கொண்டே வந்தான். இத்தனை குதிரைச் சக்தி. 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இத்தனை விநாடி. வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"கட்டுமரம் என்னா வேகம் போச்சுன்னு எங்கப்பாரு கேட்டதே இல்ல, தம்பி. அலை ஏறும்போது கைக்குச் சேதி சொல்லுதான்னுதான் கேப்பாரு."

எனக்குக் கோயம்புத்தூர் கரிவர்தனின் ஞாபகம் வந்தது.

ஆலை முதலாளிகள் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வெளிநாட்டுப் பந்தயக் கார் என்பது இங்கே பெரும் பணக்காரர்களுக்கே கிட்டும் பொருளாக இருந்த காலம். 1980களின் பிற்பகுதியில் அவர், தெருவுக்குத் தெரு நின்ற மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் திறந்த காரில் பொருத்தினார். 'பார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். எஞ்சினோ 3 சிலிண்டர், 796 கன சென்டிமீட்டர். வீட்டுக் காரில் அதற்கு 40 குதிரைச் சக்திகூடக் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

நானும் சிறு பிராயத்தில் இருங்காட்டுக்கோட்டைக்குச் சிரிக்கத்தான் போனேன். நேர்ப் பாதையில் பிரமாதமில்லை. வளைவு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின். வளைவில் இழந்த வேகத்தை மீட்டுக் கொடுக்க உபரிச் சக்தி இல்லை. சக்கரம் பிடி தளர்வதைக் கையும் முதுகும் முன்கூட்டியே உணர வேண்டும். அந்தச் சேதியைச் சொல்லும் கார்தான் பிழைக்கும். கேட்கத் தெரிந்த ஓட்டிதான் ஜெயிப்பான். நாராயண் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓடியது இத்தகைய காரில்தான். 2005இல் 'பார்முலா ஒன்' களத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவர்.

ஜப்பானில் 1989இல் மாஸ்டா கம்பெனியார் இரண்டு பேர் அமரும் சிறிய காரொன்றைக் கொண்டுவந்தார்கள். எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தியும் மிதந்தான். குதிரையும் வீரனும் ஓருடல் ஆவதே அவர்கள் வைத்துக்கொண்ட லட்சியம். அது உலகெங்கும் பல லட்சம் விற்றது.

எண்கள் பொய் என்று சொல்லவில்லை. ஜாதகமும் பொய்யல்லவே! ஆனால் பத்துப் பொருத்தமும் இருந்தும் மனம் ஒட்டாத தம்பதிகளை நாம் பார்த்ததில்லையா?

கரிவர்தன் 1995இல் விமான விபத்தொன்றில் மறைந்தார். நாற்பதைச் சற்றே கடந்திருந்தார். இன்று எனக்கு அந்த வயதும் தாண்டிவிட்டது. கோவையருகே பந்தயப் பாதையொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பையன் மேற்கொண்டு எண் எதுவும் சொல்லவில்லை. பெரியவரிடம் மெல்லக் கேட்டான்:

"தாத்தா, அந்தத் துடுப்பை ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டுமா?"